பழைய பளு வாங்கப் போறீங்களா?

இளைஞர் கழகப் பிள்ளைகள் லயம் லயமாகக் காசு சேர்த்து, பழைய பளுதூக்கும் சாமான் வாங்கப் போகிறார்கள். சந்தோஷம். காசு கொடுக்குமுன் இவற்றைப் பாருங்கள் என்கிறோம்:

1. கம்பியைச் சமதரையில் உருட்டுங்கள். துள்ளி உருண்டால் வளைஞ்ச கம்பி, வேண்டாம்.

2. வார்ப்பிரும்புத் தட்டைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டுங்கள். மணிபோல் ஒலிக்கணும். மந்தமாகக் கேட்டால் வெடிப்பிருக்கலாம்.

3. தட்டின் துளை கம்பிக்குப் பொருந்தணும். பூட்டு இரண்டும் இறுகணும்.

4. பெஞ்சில் இருவர் உட்கார்ந்து ஆட்டிப் பாருங்கள். வெல்டிங் விட்டிருந்தால், மல்லாந்து தூக்கும் பிள்ளையின் நெஞ்சில்தான் பளு விழும்.

5. தட்டில் எழுதிய கிலோவை நம்பாமல் தராசில் வையுங்கள்.

மேல்துருவைத் தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம், வெடிப்புக்கு வைத்தியமில்லை. தினமும் கொழுந்து நிறுத்துக் கொடுக்கிற நமக்கு, இரும்பை நிறுத்து வாங்கத் தெரியாதா?