நரம்பின் உறை சிதையும் நோய்

பம்புசெட்டுக்குச் செல்லும் கம்பியின் மேலுறை கிழிந்தால் மின்சாரம் கசிந்து பம்பு நின்றுபோவதை நாம் அறிவோம். நம் மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகளுக்கும் ‘மயலின்’ என்னும் கொழுப்புறை உண்டு. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே அவ்வுறையைத் தாக்கிச் சிதைப்பதுதான் ‘மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ்’ என்னும் நோய். சிதைந்த இடங்கள் தழும்பேறி இறுகும். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1868-இல் இதனைத் தெளிவாக விளக்கினார்.

இதற்குக் காரணம் ஒன்றே அன்று. எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸுக்கு இதில் பெரும் பங்குண்டென அமெரிக்கப் படைவீரரிடையே நடந்த ஆய்வு 2022-இல் காட்டியது. ஆயினும் அவ்வைரஸ் பெரும்பாலோர் உடலில் உண்டு. நோயுறுவோர் மிகச் சிலரே. பரம்பரைக் கூறு, புகைப்பழக்கம், வைட்டமின் டி குறைவு, இளமையில் உடற்பருமன் ஆகியனவும் துணைசெய்கின்றன. 20 முதல் 40 வயதுக்குட்பட்டோரை, அவருள்ளும் பெண்களை, இது மிகுதியாகப் பற்றும்.

ஒரு கண் மங்குதலும், கால் மரத்தலும், நடை தள்ளாடுதலும் தோன்றிச் சில வாரங்களில் தாமே தணியலாம். தணிந்ததென வாளாவிருத்தல் தவறு. உறைக்குப்பின் நரம்பிழையே அழியக்கூடும். இந்நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது; தெய்வக் குற்றமும் அன்று. முற்றும் குணப்படுத்த இயலாதெனினும், தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. ஆதலின், நம் ஊரில் இக்குறிகள் உடையோரைக் காலந்தாழ்த்தாது நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புதல் நம் கடமையாகும்.