மலைக்கும் போங்கள், கரும்புக் கொல்லைக்கும் போங்கள்

கேள்வி: எங்கள் சபை வாலிபர் சங்கத்திலிருந்து பதினைந்து பேர், பொங்கல் விடுமுறையில் கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு வெட்ட வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஊழியம் செய்யப் போகிறோம். அரிசி, துணிமணி, மருந்து சேர்க்கத் தொடங்கிவிட்டோம். வேறென்ன ஆயத்தம் வேண்டும் ஐயா?
– வாலிபர் சங்கச் செயலாளர், கடலூர்

பதில்: தம்பி, பொருள் சேர்ப்பதை இரண்டு வாரம் நிறுத்தி வையுங்கள். அந்தக் குடும்பங்களுக்கு ஒரு வருடம் எப்படிப் போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அரவைக் காலத்தில் வெட்டுக்கு ஆள் தேவை. கல்வராயன்மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் பல, மலையில் வேலை குறைந்ததும் கீழே இறங்குகின்றன. சிலர் கரும்பு வெட்டுக்கு, சிலர் குடகுக் காப்பித் தோட்டத்துக்கு, சிலர் கேரளத்தில் மிளகு பறிக்க. பிள்ளைகளையும் கூட்டிப் போகிறார்கள். அவர்கள் வெளியே இருக்கும் மாதங்களில்தான் பள்ளியில் முழு ஆண்டுத் தேர்வும் நெருங்குகிறது.

கொல்லையில் மட்டும் பார்த்தால் அவர்கள் கூலிக்காரர்களாகத்தான் தெரிவார்கள். மலையில் பார்த்தால் வீடும் ஊரும் சொந்தபந்தமும் உள்ளவர்கள். இரண்டு இடத்திலும் பார்த்தவர்களால்தான் உருப்படியாக உதவ முடியும். ஆகவே பயணத்தை இரண்டாகப் பிரியுங்கள்.

மலைக்கு, அவர்கள் கிளம்பும் முன்

நான்கைந்து பேர் மட்டும் போதும். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு என்று சுற்றாமல் ஒரே ஊரைத் தேர்ந்தெடுங்கள். ஊர்ப் பெரியவர்களையும் தலைமையாசிரியரையும் பார்த்து, வரலாமா என்று கேட்டுவிட்டே அடுத்த அடி வையுங்கள்.

அந்த மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. மக்கள் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானபோது, மலை முழுவதுமே சாராய மலை என்று பேசப்பட்டது. வெளியாள் கேமராவோடு வந்தால் அவர்கள் தயங்குவது நியாயம். போனைப் பைக்குள் வையுங்கள். பிள்ளைகள் படத்தை எங்கும் போடாதீர்கள்.

அங்கே செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. எந்தக் குடும்பம் எந்த மாதம் எங்கே போகிறது, எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்று, பெற்றோர் சம்மதத்தோடு தலைமையாசிரியரிடம் பட்டியல் சேர்க்க உதவுங்கள். பட்டியல் பள்ளியில்தான் இருக்க வேண்டும். மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உண்டு. தாத்தா பாட்டியோ விடுதியோ பார்த்துக்கொள்ள முடிந்தால் பிள்ளை அங்கேயே படிக்கலாம். கூட வந்தே ஆக வேண்டிய பிள்ளைக்கு, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் துணை. மாற்றுச் சான்றிதழ் இல்லை, பாதி ஆண்டு போய்விட்டது என்று சொல்லி, எட்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும் மறுக்க முடியாது. பிள்ளையின் எமிஸ் (பள்ளிப் பதிவு) எண்ணைப் பெற்றோரிடம் எழுதிக் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கொல்லைக்கு, வெட்டு நடக்கும்போது

மேஸ்திரிக்கும் நிலத்துக்காரருக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள். வெட்டு விடியலிலேயே தொடங்கும். கூலி டன் கணக்கு. அனுபவத்துக்காக அருவாளைக் கையில் வாங்கினால் அவர்கள் வருமானம்தான் குறையும். பெரியவர்களோடு பேச, மாலை நான்கு மணிக்கு மேல் அவர்கள் தங்கும் கொட்டாய்ப் பக்கம் போங்கள்.

பகலில் கொட்டாயில் இருக்கும் சிறு பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டும் நடத்தலாம். எந்த நேரமும் இரண்டு பெரியவர்கள் கூட இருக்க வேண்டும். யாரும் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்துப் போகக் கூடாது. பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியரிடம் அந்தப் பிள்ளைகளை நேரில் அறிமுகப்படுத்துங்கள். கொல்லையில் உங்கள் முதல் வேலை அதுதான்.

மாத்திரை கொடுக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசி முகாமுக்கு ஏற்பாடு செய்யுங்கள். கரும்புச் சோகை கிழித்த காயம், கண்ணில் பட்ட அடி, வெயில் மயக்கம் ஆகியவைதான் அதிகம். நிகராகுவா, எல் சால்வடார் நாடுகளில் கரும்பு வெட்டும் இளம் ஆண்கள் பலர் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். கடும் வெயிலில் ஓயாத உழைப்பும் போதிய தண்ணீர் இல்லாததும் அதற்கு முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. ஆகவே தண்ணீர் கேனும் நிழலுக்குத் தார்ப்பாயும் பழைய துணிமணியை விட மேலான உதவி. பாம்புக்கடி என்றால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐ அழைத்துக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பெண்களின் உடல்நலம் பற்றிப் பேச உங்கள் குழுவில் பெண்கள் கட்டாயம் வேண்டும்.

அரிசி கொடுப்பதற்கு முன் ரேஷன் கார்டைப் பற்றிக் கேளுங்கள். 2020 அக்டோபர் முதல் தமிழகத்தில் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம். கைரேகை பதியாத சிக்கல் இருந்தால் கூடவே போய்த் தீர்த்து வையுங்கள்.

முன்பணத்தைக் காட்டி ஊருக்குப் போக விடவில்லை, கூலியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், மேஸ்திரியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பழி அந்தக் குடும்பத்தின் மேல் விழும். அது 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறையாக இருக்கலாம். அவர்கள் சம்மதத்தோடு, உங்கள் ஆயரையும் ஒரு வழக்கறிஞரையும் கூட்டிக்கொண்டு கோட்டாட்சியரிடமோ ஆட்சியரிடமோ போங்கள். பிள்ளைகள் வெட்டு வேலையில் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

ஜெபமும் உதவியும்

உதவியையும் ஜெபத்தையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள். அவர்களுக்கென்று சாமியும் திருவிழாவும் உண்டு, அதை மதியுங்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் உண்மையை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் தியானத்துக்கு ரூத்தின் கதையை எடுங்கள். பிழைக்க வந்த ஊரில் கதிர் பொறுக்கிய பெண் அவள். கூலிக்காரனுக்குப் பொழுது சாயுமுன் கூலி கொடுக்கச் சொல்லும் உபாகமம் 24-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். நம் சபைகளில் கரும்பு விவசாயிகளும் இருக்கிறார்கள். அந்த வசனம் முதலில் நமக்குத்தான்.

ஒரு பொங்கலோடு இது முடியக் கூடாது. குறைந்தது மூன்று வருடம் அதே ஊர், அதே குடும்பங்கள் என்று சபைக் கமிட்டியில் தீர்மானம் போடுங்கள். அதற்குப் பதினைந்து பேர் முடியாதென்றால் ஐந்து பேர் போங்கள். பஸ் வாடகையில் மிச்சமாகும் பணத்தை அந்தப் பிள்ளைகளின் நோட்டுக்கும் தேர்வு நேரத்துப் பயணச் செலவுக்கும் ஒதுக்கி, கணக்கைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். அவரைப் பார்க்க நாள் கேட்டு இந்த வாரமே கடிதம் எழுதுங்கள்.