தில்லியை ஒரே மூச்சில் பார்த்து முடிக்காதீர்கள்

நான்கு நாளில் தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று டூர் போய் வந்தவரைக் கேளுங்கள். "தில்லியா? பார்த்தாச்சு" என்பார். பார்த்து முடித்த ஊருக்கு யார் மறுபடி டிக்கெட் எடுப்பார்கள்?

திரும்பத் திரும்ப வருகிறவர்கள் வேறு ரகம். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் டால்ரிம்பிள் 1984-இல், 18 வயதில் முதன்முதலாகத் தில்லிக்கு வந்தார். சில ஆண்டுகளில் திரும்பி வந்து தங்கி, 1993-இல் அந்த ஊரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். எல்லோரும் புத்தகம் எழுத வேண்டாம். வழி கேட்காமல் நடக்க ஒரு தெரு பழகிவிட்டால் போதும், ஊர் ஒட்டிக்கொள்ளும். பார்த்த இடங்களின் எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அதனால் முதல் பயணத்தில் ஒரே பேட்டையைப் பிடியுங்கள். என் சிபாரிசு நிஜாமுதீன். மதுரை சம்பர்க் கிராந்தியும் கன்னியாகுமரி திருக்குறள் எக்ஸ்பிரஸும் அங்கேதான் போய் நிற்கின்றன. நம்மவர்களோ இறங்கியதும் கரோல்பாகுக்கு ஆட்டோ பிடிக்கிறார்கள்! நிஜாமுதீன் பக்கமே அறை எடுங்கள். காலையில் ஹுமாயூன் சமாதி. அதை ஒட்டி, 2018-இல் திறந்த சுந்தர் நர்சரி. சுமார் 90 ஏக்கர் தோட்டம். குளிர்கால வெயிலில் பாய் விரித்து, டிபன் டப்பாவோடு தில்லிக் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும், நீங்களும் உட்காருங்கள். வியாழன் மாலை தர்காவில் கவ்வாலி. நிஜாமுதீன் அவுலியாவும் அவருடைய சீடர் அமீர் குஸ்ரோவும் 1325-இல் அடுத்தடுத்து மறைந்து, ஒரே வளாகத்தில் அடங்கியிருக்கிறார்கள். தலையை மூடிக்கொள்ளுங்கள், பர்ஸைப் பத்திரமாக வையுங்கள். பூத்தட்டு வாங்கச் சொல்லி வழியில் கூப்பிடுவார்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. முக்கியமாக, பிடித்த இடத்துக்கு மறுநாள் வேறொரு நேரத்தில் இன்னொரு தடவை போங்கள். பற்று அந்த இரண்டாவது தடவையில்தான் தொடங்கும்.

மாதமும் முக்கியம். முழுப்பரீட்சை லீவில் போனால் 45 டிகிரி வெயில். நவம்பரில் புகை, ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயில் தாமதம். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை போங்கள். குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டமும் பெரும்பாலும் அப்போது திறந்திருக்கும்.

வீட்டில் யாராவது செங்கோட்டையை விட்டுவிட்டோமே என்று குறைபட்டால், அதை அடுத்த பயணத்துக்கு வைத்திருப்பதாகச் சொல்லுங்கள். அப்போது திங்கட்கிழமையில் மட்டும் போகாதீர்கள். அன்று விடுமுறை.