பெரும்பாணன் உண்ட வழி

காஞ்சிமாநகர் என்றவுடன் பட்டும் கோயிலும் நினைவிற்கு வருதல் இயல்பே. தமிழ் பயிலும் மாணாக்கராகிய எமக்கோ அந்நகர் முதற்கண் ஒரு பாட்டின் வாயிலாகவே அறிமுகமாயிற்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையே அது. பத்துப்பாட்டுள் நான்காவதாய் நிற்கும் இது 500 அடிகளை உடையது. கச்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையால் வாடி எதிர்ப்பட்ட மற்றொரு பாணனுக்கு, 'இன்ன வழியே செல்க. இன்னார் மனையில் இன்ன உணவு பெறுவை' என்று கூறுவதாக அமைந்தது. வழி கூறும் நூல்கள் பல உண்டு. ஒவ்வோர் ஊரிலும் கிடைக்கும் சோற்றையே அடையாளமாக நட்டு வழி கூறும் நூல்கள் மிகச் சிலவே.

இப்பாட்டைக் கற்பிக்குங்கால் இறுதியில் வரும் அரசன் விருந்தையே சிறப்பித்துரைப்பது வழக்கம். யாம் அதற்கு மாறாக, வழியில் முதலில் வரும் உணவிலிருந்து தொடங்க விழைகின்றோம். பாணன் தன் சுற்றத்தோடு முதலிற் சேர்வது பாலைநிலத்து எயினர் குடிசையை. அங்குள்ள எயிற்றியர் நெல் விளைப்பவர் அல்லர். உளி போன்ற வாயையுடைய இரும்புப்பூண் கோலால் கரம்பு நிலத்தைக் கிளறி, நுண்ணிய புல்லரிசியைத் தேடி எடுக்கின்றனர். முற்றத்து விளாமர நிழலில், நிலத்திற் குழித்த உரலில் அதனைப் பெய்து, குறிய உலக்கையாற் குற்றுகின்றனர். கிணறோ ஆழமானது, ஊறும் நீரோ உவர்நீர். பானையின் வாய் ஒடிந்தது, அடுப்பும் முரிந்தது. இத்தனைக்கும் பின்னர் ஆக்கிய சோற்றை, உலர்த்திய ஊனோடு சேர்த்துத் தேக்கிலையிற் குவித்து, வந்தவர் சுற்றம் முழுவதற்கும் இடுகின்றனர்.

புலவர் ஒடிந்த பானையை ஏன் மறைத்திலர்? வளத்தைப் புகழ்வதே நோக்கமாயின் இவ்வடிகள் வேண்டியதில்லை. இளந்திரையன் புகழ்பாட வந்த ஒருவர், அவன் நாட்டின் எல்லையில் வாழும் வறிய பெண்டிரின் அடுப்பை இத்துணை விரிவாகக் காட்டியது, அவர் எதனை விருந்தெனக் கருதினார் என்பதற்குச் சான்றாகும் என்பது எம் கருத்து. ஒரு பிடி புல்லரிசிக்கு அவ்வீட்டார் செலவிட்ட உழைப்பை அளந்து கூறியபின்னரே, அது பிறர் இலையில் வீழ்வதை அவர் காட்டுகின்றார்.

வழி நீளுந்தோறும் உணவும் மாறுகின்றது. எயினர் அரணில் மேட்டுநிலத்து விளைந்த செந்நெற்சோறு. ஈந்தின் விதை போன்றது என்பர். அதனுடன் நாய் பற்றிய உடும்பின் பொரியல். முல்லை நிலத்து ஆயர்பாடியில் பாலும் தினைச்சோறும். அத்தினைச்சோற்றைப் புலவர் நண்டின் சிறு பார்ப்புக்களோடு ஒப்பிடுவர். நண்டுக்குஞ்சுகளைக் கையில் ஏந்திப் பார்த்தார்க்கன்றி இவ்வுவமை தோன்றாது. இவ்வாயர் மகளைப்பற்றிய ஒரு செய்தியை எம் வகுப்பில் அனைவரும் நகையோடு கேட்டோம். அவள் மோர் விற்று நெல் கொள்வாள். நெய்க்கு விலையாகப் பொன் தரினும் ஏலாள். பொன்னுக்கு மாறாக எருமையையும் நல்ல ஆவையும் கேட்டுப் பெறுவாள். பொன் பால் கறக்குமோ?

அதனையடுத்த முல்லைக் குடியில் வரகுச்சோறும் அவரைப் பருப்பும் கிடைக்கும். வரகு பூளைப்பூப் போலவும், பருப்பு வேங்கைப்பூப் போலவும் இருந்தனவாம். மருத நிலத்திலோ வெண்ணெற் சோற்றோடு மனையில் வளர்ந்த கோழியின் வாட்டு. அருகே புகை சூழ்ந்த ஆலைகளில் கருப்பஞ்சாற்றைக் காய்ச்சி வெல்லம் செய்வர். விரும்பின் சாற்றையும் பருகலாம். வலைஞர் குடியில் சுட்ட மீனும் அரிசியிலிருந்து வடித்த கள்ளும் உண்டு. மறையோர் ஊரில் கறி வேறு: பறவையின் பெயர் கொண்ட நெல்லின் சோறு, மோரிற் கடைந்தெடுத்த வெண்ணெயில் வெந்த மாதுளங்காய், மிளகுப்பொடி, கருவேப்பிலை, மாவடு ஊறுகாய். தோப்புக்குடிகளிடம் பலாப்பழம், இளநீர், வாழைப்பழம், பனைநுங்கு. இவ்வினிப்பெல்லாம் தெவிட்டின் சேப்பங்கிழங்கு தின்னலாம் என்றும் அப்பாணன் அறிவுறுத்துகின்றான். நல்ல வழிகாட்டி! விருந்துண்டார்க்கு இனிப்புத் தெவிட்டும் என்பதையும் அறிந்தவன்.

பலாவின்மீது இப்புலவர்க்குத் தனி விருப்பம் இருந்தது போலும். வழியின் தொடக்கத்தில் மிளகுப்பொதி சுமந்து சுங்கச் சாலையிற் செல்லும் கழுதைகளைக் காட்டுங்கால், அப்பொதிகளைப் பலாப்பழத்திற்கு ஒப்பிடுகின்றார். தோப்பில் அப்பழத்தையே உணவாகத் தருகின்றார். பின்னர்க் காஞ்சியைக் காட்டுங்கால், பழமரங்களுட் பலா சிறந்தாற்போல உலகத்து ஊர்களுட் கச்சி சிறந்தது என்கின்றார். பாட்டின் தொடக்கத்திலேயே பாணர் சுற்றத்தைப் பழுத்த மரம் தேடித் திரியும் பறவைகளாகக் காட்டியிருத்தலின், பறவைகள் தேடிய மரம் ஈண்டு அகப்பட்டது எனக் கொள்ளலாம்.

நகரின் வாயிலில், திருவெஃகாவின் சோலையருகே, எம்மை மிகவும் ஈர்த்த உவமை உள்ளது. காஞ்சிமரத்தின் கொம்பிற் படர்ந்த குருக்கத்தியின் புதுப்பூக்கள், மணலிடத்துத் தேங்கிய நீரில் உதிர்கின்றன. அக்காட்சி, கூவியர் கரிய சட்டியில் வெல்லப்பாகோடு சுட்ட, இழை சூழ்ந்த வட்டமான அப்பம் பாலில் கிடந்தாற்போல் இருந்ததாம். கூவியர் என்பார் அப்ப வாணிகர். இதுகாறும் பாணன் மனைதோறும் விருந்துண்டு வந்தான். நகரை நெருங்கியவுடன் விலைக்கு விற்கும் பண்டம் உவமையாக வந்து நிற்கின்றது. பாலில் ஊறிய அப்பத்தைக் கேட்போர் உடனே கண்முன் காண்பர் என்று புலவர் நம்பியிருத்தல் வேண்டும். அன்றேல் உவமை பயன்படாது. அவர் காலத்துக் காஞ்சியில் அஃது எல்லாரும் அறிந்த சிற்றுண்டி எனத் துணியலாம். இன்றும் எம் வீடுகளில் இடியாப்பத்தைத் தேங்காய்ப் பாலிலும் வெல்லத்திலும் தோய்த்துண்ணும் பழக்கம் உண்டு. சுடுவதும் அவிப்பதும் வேறாயினும், இழையும் பாலும் வெல்லமும் அவையே.

இப்பாட்டைக் கற்ற ஆண்டிலேயே, ஒரு சனிக்கிழமை, யாம் நால்வர் தாம்பரத்தில் வண்டியேறிச் செங்கற்பட்டு வழியாகக் காஞ்சி சேர்ந்தோம். காந்தி ரோட்டின் பட்டுக்கடைகளிடையே உள்ள ஓர் உணவு விடுதியிற் புகுந்து 'காஞ்சிபுரம் இட்டலி' கேட்டோம். டம்ளரில் ஊற்றி அவித்தெடுத்த உயர்ந்த இட்டலி வந்தது, நன்றாகவே இருந்தது. ஆயினும் பெயருக்குரிய பொருள் அதுவன்று. சின்னக் காஞ்சியில் வரதராசப் பெருமாள் கோயிலின் படையலாகிய குடலை இட்டலியே மூலம். பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, நெய்யும் நல்லெண்ணெயும் சேர்த்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கருவேப்பிலை இட்டுக் கலப்பர். மூங்கிற் பிளாச்சாற் பின்னிய நீண்ட குடலையின் உட்புறம் மந்தாரையிலையைப் பரப்பி, மாவை ஊற்றி, ஏறக்குறைய மூன்று மணிநேரம் ஆவியில் வேகவைப்பர். வெந்த இட்டலி தூண்போல் நிற்கும். அதனைத் துண்டு துண்டாக அரிந்து தருவர். மந்தாரையின் மணம் இட்டலியிற் பற்றியிருக்கும். மிளகும் சுக்கும் நெய்யும் சேர்ந்தமையின் ஓரிரு நாள் கெடாது. வழிநடைப் பயணிக்கு உகந்தது. டம்ளர் இட்டலிக்குச் சட்டினி வேண்டும், இதற்கு வேண்டுவதில்லை.

இட்டலியைச் சங்க நூல்களில் தேடுவார் சிலர் உண்டு, தேடுதல் வீண். பத்தாம் நூற்றாண்டில் எழுந்த வட்டாராதனை என்னும் கன்னட நூலில் அதன் பெயர் காணப்படுகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய வேந்தன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசத்திலும் அது வருகின்றது. அங்கு அரிசி கலவாமல் உளுந்து மட்டுமே. ஆகவே பெரும்பாணன் இட்டலி உண்டவன் அல்லன். எனினும் அவன் உண்ட மிளகும் கருவேப்பிலையும் பசுவின் நெய்ப்பொருளும் குடலைக்குள் உள்ளன, மிளகாய் இல்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்; 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததற்குப் பின்னரே போர்ச்சுகீசியர் வாயிலாக இந்நாட்டிற் பரவியது. மிளகின் பெயரையே இரவல் வாங்கிக்கொண்டு, நம் அடுப்படியில் அதன் இடத்தையும் பெரும்பாலும் கைப்பற்றிவிட்டது. கோயில் மடைப்பள்ளி பழையதை விடாமையால், அச்சாலையிற் கழுதைகள் சுமந்து சென்ற பண்டத்தின் காரத்தை இன்றும் நாவில் உணர முடிகின்றது.

இனி, காஞ்சி எக்காலும் உண்டு களித்த ஊர் என்று எவரும் எண்ணிவிடல் வேண்டா. பெரும்பாணாற்றுப்படையைக் கற்போர் மணிமேகலையையும் உடன் கற்றல் நலம். அக்காப்பியத்தில் காஞ்சி மழை பொய்த்து வற்கடத்தால் வாடிய நகரம். கிள்ளிவளவன் தம்பி இளங்கிள்ளி அங்கிருந்து ஆள்கின்றான். மணிமேகலை அமுதசுரபியோடு வந்து குருடர், செவிடர், முடவர், ஊமையர் என்று எவரையும் விலக்காது ஊட்டுகின்றாள். இங்கு உணவின் சுவையைச் சாத்தனார் ஓரிடத்தும் விரித்துரையார். பசி மிக்கவிடத்துச் சுவை பேசப்படுவதில்லை. அப்பாத்திரத்தைப் பற்றி ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. அது தெய்வத்தன்மையுடையதாயினும், புகாரில் ஆதிரை என்னும் இல்லாள் தன் மனையில் முதற் பிச்சை இட்டபின்னரே பயன்படத் தொடங்கிற்று. அற்புதமும் ஒரு வீட்டு அடுப்பிலிருந்தே தொடங்கல் வேண்டும் போலும்.

பசி பழங்காப்பியத்தோடு ஒழிந்ததும் அன்று. பிள்ளையார்பாளையம் முதலிய நெசவாளர் தெருக்களிற் காலையிற் செல்வோர், பட்டுப்பாவினைத் தெருவில் நீள இழுத்துக் கட்டி, அரிசிக்கஞ்சி தோய்த்து உலர்த்தக் காணலாம். நூலுக்கு வலிமை தருவது அக்கஞ்சி. நூலுக்குக் கஞ்சி வார்த்தவர்க்கே கஞ்சி கிடையாத ஆண்டுகளும் உண்டு. 1953ஆம் ஆண்டளவில் கைத்தறித் துணி விற்பனையின்றித் தேங்கித் தமிழ்நாடெங்கும் நெசவாளர் குடிகள் பட்டினியுற்றன. காஞ்சியில் நெசவாளர் குடியில் 1909இற் பிறந்த அண்ணாதுரை அவ்வாண்டு சனவரித் திங்களில் திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தோளிற் சுமந்து விற்றது அதுபற்றியே. பட்டுக்கடைக்கு வருவோரை நம்பி வாழும் உணவு விடுதிகள் பல உள்ள ஊரில், தறியில் இருப்பவர் நண்பகலில் என்ன உண்கின்றார் என்று எவரும் கேட்பதில்லை. யாம் கேட்டோம். ஒரு வீட்டில் பழஞ்சோறும் மோரும் சிறுவெங்காயமும். அவ்வீட்டு அம்மையார், "நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க கண்ணு" என்று எம் நால்வரையும் திண்ணையில் இருத்தினார். விடுதியில் வயிறு நிறைய உண்டு வந்திருந்தோம். ஆயினும் மறுக்கத் துணியவில்லை.

அதன்பின் அரசன் விருந்தைப் படித்தபோது அது வேறு விதமாகத் தோன்றிற்று. இளந்திரையன் அரண்மனையில் பொறுக்கியெடுத்த செந்நெல்லரிசிச் சோறு உண்டு. வானத்து மீன்கள் பூத்தாற்போன்ற வெள்ளிக் கலங்கள் உண்டு. யானைக்கு இடும் கவளத்திலும் நெய் உண்டு; பாகர் சற்றே அயர்ந்தவிடத்து அதனைச் சூல்கொண்ட மந்தி கவர்ந்துசெல்லும் அளவிற்கு நகரில் வளம் உண்டு. ஆயினும் புலவர் அழுத்தம் தந்தது வேறொன்றற்கு: வேந்தன் பணியாளரை ஏவிவிட்டு அமர்ந்திருக்கவில்லை, பாணர் ஒவ்வொருவரையும் தன் மக்களைப் பார்ப்பதுபோற் பார்த்து, முகமலர்ந்து, தானே நின்று ஊட்டினான். புல்லரிசி இட்ட எயிற்றி செய்ததும் அதுவே; ஆதலின் அரசன் அவளினும் மேற்பட்டானல்லன், அவளோடு ஒத்தான் என்பதே எம் துணிபு. இவ்வாறு கூறுதல் பாட்டுடைத் தலைவனுக்கு இழுக்கு என்று எம் வகுப்புத் தோழர் ஒருவர் வாதிட்டார். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

காஞ்சிக்குச் செல்லவிருக்கும் தோழர்க்கு ஒன்று கூறுவோம். குடலை இட்டலியை மந்தாரையிலையோடு பொதிந்து வாங்குக. திருவெஃகாக் கோயில் சின்னக் காஞ்சியிலேயே உள்ளது. பெரும்பாணாற்றுப்படையின் 370ஆம் அடியை அடுத்துள்ள பகுதியை அவ்விடத்தே படித்துப் பார்க்க. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையுடன் முதன்முதல் அச்சிட்ட பத்துப்பாட்டு பின்னர்ப் பல பதிப்புக்களாக வந்துள்ளது. எக்கல்லூரி நூலகத்திலும் ஒரு படி அகப்படும்.