ஒலியில் வாழும் மரபு

அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கிளேர் மாவட்டம் கன்சர்ட்டினா இசைக்குப் பெயர்பெற்றது. ஆர்மோனியத்தைப் போல, உலோக நாக்குகள் காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் சிறு கைக்கருவி இது. அங்குப் பெரிதும் வழங்கும் ஆங்கிலோ வகையில், ஒரே பொத்தான் துருத்தியை அழுத்துகையில் ஒரு சுரத்தையும் இழுக்கையில் வேறொரு சுரத்தையும் தரும். துருத்தி திரும்பும் இடங்களிலேயே வாசிப்பவரின் தனிநடை அமைகிறது. சுரக்குறிப்பு மெட்டைக் காட்டும், இந்நடையைக் காட்டாது. அதனை ஒலிப்பதிவே காக்கவல்லது என்பதை நாம் முதற்கண் உணர்தல் வேண்டும்.

வில்லியம் முல்லாலி 1926இல் இசைத்தட்டுகளுக்காக வாசித்தார். கிளேரைச் சேர்ந்த எலிசபெத் கிராட்டி அம்மையாரின் வாசிப்பை அயர்லாந்து வானொலி 1950களில் பதிவு செய்தது. அம்மையார் 1960இல் மறைந்தார். அவ்விரல்களின் நடையை இன்று நாம் அறிய, பதிவுகளே துணை.

ஆனால் அரக்குத் தட்டு விழுந்தால் உடையும். ஊசி ஓடுந்தோறும் தேயும். காந்த நாடாவின் பசை ஈரத்தை ஈர்த்துப் பிசுபிசுக்கும். எனவே மூலத்தைப் பேணுதலும் எண்முறையில் படியெடுத்தலும் ஒருங்கே வேண்டும். இரைச்சலை மிகையாக நீக்கின் இசையின் நுண்மையும் உடன் நீங்கும். ஆதலின் திருத்தாத படியொன்றை வைத்தல் முறை. வாசித்தவர், ஊர், நாள் ஆகிய குறிப்பற்ற நாடா முகவரியற்ற மடலே. டப்ளினில் 1987இல் தோன்றிய அயர்லாந்து மரபிசைக் காப்பகம் பதிவுகளைத் திரட்டிக் காப்பதோடு கேட்போர்க்கும் வழங்குகிறது. கேட்கும் செவியைச் சேர்ந்தபின்னரே காப்புப்பணி நிறைவுறும் எனலாம்.