கைப்பக்குவத்துக்கு ஒரு தராசு

அன்பு மகளே,

பாறசாலையில் வீட்டிலிருந்தே முந்திரிக்கொத்து செய்து விற்கப் போவதாகவும், எந்த டிஜிட்டல் தராசு வாங்கலாம் என்றும் கேட்டு எழுதியிருந்தாய். மிகுந்த சந்தோஷம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, உன் பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆனாலும் எல்லையான களியக்காவிளைக்கு இரு பக்கமும் விசேஷ வீடுகளில் இந்தப் பலகாரம் இன்றும் உண்டு. அதனால் ருசி தெரிந்தவர்களுக்குத்தான் நீ விற்கப் போகிறாய்.

நம் அம்மாமார் நாழியிலும் இடங்கழியிலும் முகந்து அளந்தார்கள். அதே நாழி, அதே கை, அதே அடுப்பு என்பதால் பிசகவில்லை. விற்பனைக்குச் செய்யும்போது அது போதாது. தட்டி நிரப்பிய நாழிப் பயற்றுப்பொடியும் தளர அள்ளிய நாழிப் பொடியும் எடையில் ஒன்றல்ல. பொடி கூடினால் உருண்டை உதிரும். பாகு கூடினால் எண்ணெயில் விரியும். பக்குவம் உன் கையில் இருக்கிறது. அதை அடுத்த வாரமும் அப்படியே வரவைப்பது எடை.

சமையலுக்கு 5 கிலோ வரை தாங்கும், 1 கிராம் துல்லியமுள்ள தராசு போதும். பாத்திரம் வைத்தால் எண்கள் மறையாதபடி தட்டு அகலமாக இருக்கட்டும். ஏலக்காய், சுக்கு, உப்பு ஆகியவற்றுக்கு 0.1 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்று தனியாக வேண்டும். பெரிய தராசில் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் அது கணக்கில் ஏறாமலே போய்விடும்.

வாங்கியதும் சோதித்துப் பார். பத்து ரூபாய் நாணயம் பத்தைச் சேர்த்து வைத்தால் 77 கிராம் காட்ட வேண்டும். தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்; எண் மாறினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடு.

சமமான கல்மேடையில் வை. மின்விசிறிக் காற்று படக்கூடாது. மிக்ஸி ஓடும் மேடையும் ஆகாது. காலிப் பாத்திரத்தை வைத்து, பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்திய பிறகே பொருளைப் போடு. கொதிக்கும் பாகு உருளியை அப்படியே ஏற்றாதே. சூடும், தாங்கும் அளவை மீறிய பாரமும் உள்ளே இருக்கும் உணரியைக் கெடுத்துவிடும். வேலை முடிந்ததும் அதன்மேல் எதையும் அடுக்காதே.

முந்திரிக்கொத்தில் தராசு அதிகம் உதவுவது தேங்காயில். பச்சைத் தேங்காயில் ஏறக்குறைய பாதி தண்ணீர். துருவலை வறுக்கும் முன்னும் வறுத்த பின்னும் நிறுத்துப் பார். ருசியும் இருப்பும் சரியாக வந்த நாளில், வறுத்த துருவல் எத்தனை கிராம் நின்றது என்று நோட்டில் எழுதிவை. அடுத்த முறை அதே அளவு துருவலை எடுத்து, அந்த எடை வரும்வரை வறு. நிறத்தை மட்டும் நம்பி ஈரம் தங்கவிட்டால் பலகாரம் சீக்கிரம் ஊசிப்போகும். உருண்டைகளையும் ஒரே எடையில் பிடி. எண்ணெயில் எல்லாம் ஒருபோல வேகும்.

இன்னொன்று முக்கியம். வீட்டுத் தராசு உன் அடுப்படிக்கு மட்டும். விலைக்கு நிறுத்துக் கொடுக்க 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி முத்திரையிட்ட தராசு வேண்டும். ஆண்டுக்கொரு முறை அதைச் சரிபார்த்து மறுமுத்திரை வாங்க வேண்டும். பொட்டலத்தில் 250 கிராம் என்று அச்சிட்டால் உள்ளே பலகாரம் மட்டுமே 250 கிராம் இருக்க வேண்டும். உறையின் எடை அதில் சேராது. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவையும் மறந்துவிடாதே.

சிறு தொழிலில் பெயர் சம்பாதிக்க ஆண்டுகள் ஆகும். அதைக் கெடுக்க, எடை குறைந்த ஒரு பொட்டலம் போதும். ஆகவே மக்ளே, முதல் தராசோடு ஒரு நோட்டும் வாங்கு. ஒவ்வொரு முறை செய்யும்போதும் தேதி போட்டு எடைகளை எழுது. நாளை உதவிக்கு ஓர் ஆள் வந்தால், அவருக்குத் தொழில் கற்றுக்கொடுக்க அந்த நோட்டே போதும்.