பயிற்சி நிருபர்களுக்கு, டெஸ்க்கிலிருந்து

சேர்ந்த முதல் நாளே லாகின் கொடுத்து, நாலு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டு, ‘பார்த்துக்கோங்க’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

1. வீடியோ வந்தால் முதலில் அது எந்த ஊர் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று 2023 மார்ச்சில் வீடியோக்கள் பரவின. அன்றைய டிஜிபி சைலேந்திரபாபு மறுப்பு வெளியிட்டார். ஒன்று, திருப்பூரில் பீகார்க்காரர்களே தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர் இருவருக்குள் நடந்த தகராறு. அதற்குள் பயத்தில் ஊருக்குக் கிளம்பியவர்களும் உண்டு. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பியது. ஆகவே வீடியோவை நாலைந்து இடத்தில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். கடைப் பலகை, பின்னால் கேட்கும் பேச்சு, வண்டி நம்பர் எல்லாவற்றையும் கவனியுங்கள். ஆர்.ஜே. 19 என்று நம்பர் பிளேட் இருந்தால் அந்த வண்டி ஜோத்பூரில் பதிவானது. திருப்பூர் என்று தலைப்பு வைக்குமுன் அங்குள்ள ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடுங்கள்.

2. பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயரை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கல்லூரி, துறை, எந்த ஆண்டு, அப்பாவுக்கு என்ன தொழில், எந்த ஊர் என்று ஐந்தையும் எழுதிவிட்டால் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஐந்தும் ஒரே செய்தியில் வர வேண்டும் என்றுகூட இல்லை. நீங்கள் ஒன்று, பக்கத்துச் சேனல் ஒன்று போட்டால் போதும். முகத்தை மங்கலாக்கிவிட்டுப் பள்ளிச் சீருடையைப் பளிச்சென்று காட்டுவதை இன்றும் பார்க்கிறேன். காப்பியில் பெயர் இல்லை, ஆனால் பதிவேற்றிய படத்தின் கோப்புப் பெயரில் இருக்கிறது, செய்தியின் இணைய முகவரியில் இருக்கிறது. தேடுபொறி அதைத்தான் முதலில் பொறுக்கி எடுக்கும்.

அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 72, போக்சோ 23 ஆகிய பிரிவுகளை மனப்பாடமாக வைத்திருங்கள். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வன்கொடுமை வழக்கின் எஃப்.ஐ.ஆர். மாணவியின் விவரங்களோடு வெளியே கசிந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றம். 2019இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் பெண்ணின் பெயர் அரசாணையிலேயே வந்தது. அதற்கும் 25 லட்சம்தான். அரசாங்க இணையதளத்தில் இருந்தது, எடுத்துப் போட்டோம் என்கிற சமாதானம் உங்களைக் காப்பாற்றாது.

3. உங்கள் போன் ஒருநாள் இன்னொருவர் கைக்குப் போகும் என்று வைத்துக்கொண்டே பழகுங்கள். அதே அண்ணா பல்கலைக்கழக வழக்கில், எஃப்.ஐ.ஆர். கசிந்ததை விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழு நிருபர்களின் போன்களை வாங்கி வைத்துக்கொண்டது. திருப்பிக் கொடுக்கும்படி 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. போன் திரும்பி வரும். உள்ளே ‘கலெக்டர் ஆபீஸ் சோர்ஸ்’ என்று பதிந்து வைத்த நம்பர் யார் கண்ணில் பட்டது என்பது வேறு கதை. வாட்ஸ்அப் பேக்கப்புக்கும் குறியாக்கம் உண்டு. நாமாகப் போய் அதை இயக்க வேண்டும். இன்றே இயக்குங்கள்.

4. ஆவணம் உண்மையா என்று அதிகாரியிடம் கேட்கலாம், ஆவணத்தையே நீட்டக் கூடாது. 2017இல் ‘தி இன்டர்செப்ட்’ இதழ் தனக்கு வந்த ரகசிய அறிக்கையின் நகலைச் சரிபார்க்க அதிகாரிகளிடம் காட்டியது. தாளில் இருந்த மடிப்பை வைத்தே, அச்செடுத்து வெளியே கொண்டுபோன ஆவணம் அது என்று கண்டுகொண்டார்கள். அச்செடுத்தவர்கள் ஆறு பேர்தான். அவர்களில் ஒருவரான ரியாலிட்டி வின்னர் சிறைக்குப் போனார்.

5. படத்துக்குள் இடம் ஒளிந்திருக்கும். 2012 டிசம்பரில் தலைமறைவாக இருந்த ஆன்டிவைரஸ் நிறுவனர் ஜான் மெக்காஃபியோடு எடுத்த படத்தை ‘வைஸ்’ இதழ் அப்படியே ஏற்றியது. ஐபோன் பதிந்த ஜிபிஎஸ் எண்கள் அதிலேயே இருந்தன. அவர் குவாத்தமாலாவில் இருப்பது அம்பலமாயிற்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் உதிராது. தரம் குறையக் கூடாதென்று நம் ஸ்டிரிங்கர்கள் டாக்குமென்ட்டாகத்தான் அனுப்புகிறார்கள்.

6. ஏஐ. எழுத்துப்பிழை பார்க்க, நீண்ட அறிக்கையில் பக்கம் தேட வைத்துக்கொள்ளுங்கள், தகவல் கேட்காதீர்கள். 2025 மே மாதம் ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ இணைப்பிதழில் கோடைக்குப் படிக்க 15 புத்தகங்கள் என்று ஏஐ போட்டுத் தந்த பட்டியல் வந்தது. அவற்றில் 10 புத்தகங்களை யாரும் எழுதவே இல்லை. பேட்டியை எழுத்தாக்கும் செயலிகளிலும் கவனம் தேவை. ‘பணம் வாங்கலை’ என்று ஒருவர் வேகமாகச் சொன்னதை அது ‘வாங்கலாம்’ என்று அடித்துவிட்டால் அவர் கதி என்ன? மேற்கோள் குறிக்குள் போகும் வாக்கியத்தை ஆடியோவில் கேட்டே தீர வேண்டும்.

7. தவறு வந்தால் திருத்துங்கள், திருத்தியதைச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் டெலீட் செய்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் மிஞ்சும்.

8. இரவு ஒன்பது மணிக்கு, ‘அந்தச் சேனல்ல போயிடுச்சு, நம்மகிட்ட ஏன் இன்னும் வரலை?’ என்று மேலிருந்து கேட்பார்கள். தெரியாது என்று முழிக்காதீர்கள். ‘சார், சம்பவம் நடந்தது உறுதி. எத்தனை பேர்னு ஆஸ்பத்திரியில கேட்டுக்கிட்டிருக்கேன். இப்போதைக்கு ரெண்டு வரி ஸ்க்ரோல் தர்றேன்’ என்று சொல்லுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் அந்த இரண்டு வரியோடு சமாதானமாகிவிடுவார்கள். ஆகாதவர்கள் தலைப்பைத் தாங்களே எழுதிக்கொள்ளட்டும், உங்கள் பெயரில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.